ராம்-லக்: ஓர் அடிக்குறிப்பின் வரலாறு

சென்ற ஆடியில் உடப்புக்குப் போயிருந்தேன். திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பை ஒருமுறையேனும் ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் ஆடி மாதம் எப்படியோ ஒரு தேர்தலோடோ ஒரு கலவரத்தோடோ வந்து சேரும். இப்போது அந்தச் சாட்டு இல்லை. ஆனால் போன மறுநாள் காலையிலேயே அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து பின்தலையில் அடிபட்டுக்கொண்டார். அவருக்கு வயது எண்பத்தொன்று. விழுந்த சிறிது நேரத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். தாமதிக்காமல் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். தலையை சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். உள்ளே இரத்தக் கசிவு ஏதும் இல்லை என்று ஓர் இளம் வைத்தியர் கணினித் திரையைப் பார்த்தவாறே சொன்னார். மாலையில் அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, தீமிதிப்புக்கு யார் யார் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். எனக்கு இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அயலில் கள்ளுச் சீவும் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்தார். எழுந்து நடந்தார், சிரித்துப் பேசினார், இரவு சாப்பிட்டார். மூன்றாம் நாள் இறந்துபோனார். மண்டையோட்டுக்குள் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பேய் அடித்தது என்றார்கள். ஊடுகதிர்ப் படம் எலும்பைக் காட்டும். எலும்புக்குள் பொதிந்திருக்கும் மூளையைக் காட்டாது. அந்த மனிதருக்கும் என் அக்காவுக்கும் இடையில் உலகில் எங்கோ சிலர் சில பக்கங்கள் எழுதினார்கள். அந்தப் பக்கங்களைப் பற்றியதே இக்கட்டுரை. அவற்றுள் ஐந்து பக்கங்களைப் பற்றி நான் எழுதிய ஒரு பிழையும் இதில் அடங்கும்.

அக்காவின் பேத்தி பேராதனையில் பொறியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் அன்றிரவு மடிக்கணினியில் ஒரு செய்முறைப் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தாள். நிழற்படங்களிலிருந்து ஒரு பொருளின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கணித்தெடுக்கும் பயிற்சி. பாட்டியின் தலையை எடுத்த படமும் இந்த விதமாகத்தான் உருவாகிறது என்று எனக்கு விளக்கினாள். 'மட்லாப்' என்னும் கணிப்பு மென்பொருளில் அதற்கென்று ஓர் ஆணை இருக்கிறதாம். எந்த வடிகட்டியைப் பயன்படுத்த வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாகவே 'ராம்-லக்' என்ற வடிகட்டியை எடுத்துக்கொள்ளும்.

"ராம்-லக் என்றால் என்ன தாத்தா? ராமரும் லட்சுமணருமா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

இராவணனை வதைத்த பின் இராமர் வழிபட்ட தலம் என்று தலபுராணம் கூறும் முன்னேஸ்வரம் எங்களுக்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆகவே அவளுடைய ஊகத்தில் குற்றம் காண முடியாது. அது ராமச்சந்திரன், லக்ஷ்மிநாராயணன் என்ற இருவரின் பெயர்ச் சுருக்கம் என்று சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தெரிந்த கதையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஜி. என். ராமச்சந்திரன் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் காலமானார். அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்திப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். செய்தி முகவர் அனுப்பிய குறிப்பை நான்கு வரியாகச் சுருக்கி உள்பக்கத்தில் ஒரு மூலையில் இட்டேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிறு இதழுக்குப் பக்கம் நிரப்ப வேண்டியிருந்தபோது, அந்த நான்கு வரியின் குற்றவுணர்வோ என்னவோ, அவரைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை எழுதினேன். 'சி.ரி. ஸ்கானைக் கண்டுபிடித்த தமிழர்' என்பது நான் இட்ட தலைப்பு. பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது என்று முடித்திருந்தேன். கட்டுரைக்கு நல்ல வரவேற்பு. பல ஊர்களிலிருந்து பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அவற்றுக்கிடையே ஒரு கடிதம், வெளிநாட்டில் வாழ்ந்த ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவருடையது. தலைப்பு தவறு, இறுதிப் பந்தி அதைவிடத் தவறு என்று இரண்டு பக்கங்களில் பொறுமையாக விளக்கியிருந்தார். அதைப் பிரசுரிக்க வேண்டும் என்று மேசையின் இழுப்பறையில் வைத்தேன். பிரசுரிக்கவில்லை. பாராட்டுக் கடிதங்களில் மூன்றைப் பிரசுரித்தேன். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாசிரியன் நானே என்பதால் பழியை வேறு எவர் தலையிலும் போட வழியில்லை.

அந்த வைத்தியர் எழுதியதைப் பின்னர் பல தடவை படித்தேன். அவர் சொன்னவற்றுள் பெரும்பகுதியை நானாகவும் தேடிச் சரிபார்த்தேன். இப்போது சொல்கிறேன்.

ராமச்சந்திரன் 1922 ஒக்ரோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெயரில் உள்ள முதலெழுத்து 'ஜி' திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் படித்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்து, அங்கே சி. வி. ராமனின் கண்ணில் பட்டுப் பௌதிகத்துக்கே திரும்பினார். 1947 முதல் 1949 வரை கேம்பிறிட்ஜ். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் புதிய பௌதிகத் துறைக்கு ராமனை அழைக்க, ராமன் தமக்குப் பதிலாக ராமச்சந்திரனைச் சுட்டிக்காட்டினார். 1952இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

சென்னையில் அவர் செய்தவை பாடப்புத்தகங்களில் உள்ளன. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழை முறுக்காக 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் முன்வைத்தார். அணுக்களுக்கிடையே விடப்பட்ட இடைவெளி பற்றி பிரான்சிஸ் கிரிக்கின் தரப்பிலிருந்து கடுமையான மறுப்பு வந்தது. அந்த மறுப்புக்குப் பதில் தேடப் போனதில் விளைந்ததே, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட கட்டுரை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய முடியாது என்று காட்டும் அந்த வரைபடத்தை இன்றும் உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே சொல்கிறார்கள். ஒரு புதிய புரத அமைப்பை வெளியிடுபவர் அந்த வரைபடத்தில் அதைப் பொருத்திப் பார்த்துக்கொள்வது இன்றும் வழக்கம். இவ்வளவோடு நின்றிருந்தாலும் ஒரு மனிதரின் ஆயுளுக்குப் போதும்.

1970இன் பின் அவர் சென்னையை விட்டு மீண்டும் பெங்களூர் போனார். அங்கே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத்துக்கென ஒரு துறையைத் தொடங்கிய அதே 1971ஆம் ஆண்டில்தான் நம் கதைக்குரிய ஐந்து பக்கங்கள் வெளிவந்தன.

எங்கள் கடற்கரைக்காரருக்கு அந்தக் கணக்கின் முதற்பகுதியை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அதைத் தினமும் செய்தவர்கள். கடலுக்குள் மீன் படியும் பார் எங்கே இருக்கிறது என்று ஓடக்காரர் எப்படி அறிந்தார்? கரையில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனையும் ஒரே நேராகத் தெரியும் ஒரு கோடு. வேறொரு பக்கத்தில் கோவில் மணிக்கூண்டும் ஒரு மணல்மேடும் ஒன்றையொன்று மறைக்கும் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலையை இறக்கினால் பார். ஒரு கோடு மட்டும் தெரிந்தால் 'இந்த நேரில் எங்கோ' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

ஊடுகதிர்ப் படமும் அப்படித்தான். தலையின் ஒரு பக்கத்திலிருந்து கதிரைப் பாய்ச்சினால், கதிர் போன வழியில் மொத்தம் எவ்வளவு தடை இருந்தது என்பது தெரியும். அந்தத் தடை வழியில் எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியாது. ஆனால் தலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து நிழல்களை எடுத்து, ஒவ்வொரு நிழலையும் அது வந்த வழியே திருப்பி இழுத்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் பொருள் தோன்றத் தொடங்கும். தொல்லை இங்கேதான். அப்படித் தோன்றும் படம் ஈரத்தாளில் விழுந்த மை போல நாலாபக்கமும் பரவிக் கலங்கியிருக்கும். கலங்கலை நீக்க ஒரு கணிதம் வேண்டும். அது கொள்கையளவில் 1917இலேயே இருந்தது. ஜொஹான் ராடொன் என்ற ஒஸ்ரியக் கணிதர் அதைத் தூய கணிதமாக எழுதிவைத்தார். மருத்துவத்தில் அதைத் தேடிய எவருக்கும் அது நெடுங்காலம் கண்ணில் படவில்லை.

1968இல் கேம்பிறிட்ஜில் டி றோசியரும் ஆரன் குளூக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலிருந்து வைரசு போன்ற நுண்பொருள்களின் முப்பரிமாண உருவத்தை மீட்டுக் காட்டினர். அவர்கள் கையாண்டது ஃபூரியே உருமாற்றம் என்ற வழி. நிழலை அலைகளாகப் பிரித்து, அலைகளை வேறொரு வெளியில் அடுக்கி, மீண்டும் உருவமாகத் திருப்ப வேண்டும். அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் ஏ. வி. லக்ஷ்மிநாராயணனும் கேட்ட கேள்வி எளிமையானது: அந்த வேறொரு வெளிக்குப் போய்த் திரும்பத்தான் வேண்டுமா? நிழலைத் திருப்பி இழுப்பதற்கு முன்னரே, நிழலின் மேலேயே ஒரு சிறு திருத்தத்தைச் செய்துவிட்டால் என்ன? ஒவ்வொரு புள்ளியின் அளவையும் அதன் இருபுறத்து அயற்புள்ளிகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கழித்துச் சீராக்கிவிட்டால், பின்னர் பரவும் கலங்கல் தானே அடிபட்டுப் போகும். வெறும் பெருக்கலும் கூட்டலும். அதுவும் ஒரு வரிசை வரிசையாக. ஃபூரியே வழியைவிட இது ஏறத்தாழ முப்பது மடங்கு விரைவானது, துல்லியமும் கூடியது என்று அவர்கள் கணக்கிட்டனர். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழக நடவடிக்கைகளின் 68ஆம் தொகுதியில், 1971 செப்ரெம்பரில், 2236ஆம் பக்கம் முதல் 2240ஆம் பக்கம் வரை அது வெளிவந்தது.

அதே ஆண்டு அந்த வேலையின் வேறு பகுதிகளை ராமச்சந்திரன் இந்திய இதழ்களிலும் வெளியிட்டார். ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கைகளில் வந்த ஒன்றின் தலைப்பைத் தமிழில் 'நிழலிலிருந்து பொருளை மீட்டல்' எனலாம். நான் படித்த விஞ்ஞானக் கட்டுரைத் தலைப்புகளில் மனத்தில் நின்றது அதுதான். அவர் வடமொழித் தருக்க நூல்களிலும் ஈடுபாடு உடையவர் என்பதை அறிந்தவர்களுக்கு அத்தலைப்பு வியப்பளிக்காது.

இனி இலண்டன். ஐந்து பக்கங்கள் அச்சில் வந்த அடுத்த மாதத்தின் முதல் நாள், 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி, விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி மருத்துவமனையில் மூளைக்கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக சி.ரி. இயந்திரத்தில் வைக்கப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்ட். பீற்றில்ஸ் பாடகர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். ஆய்வுகூடத்தில் ஒரு கடைசல் இயந்திரத்தின் தளத்தைக் கொண்டு அவர் செய்த முதல் முயற்சியில் ஒரே ஒரு படத்துக்குக் கதிர் பாய்ச்சி அளவெடுக்க ஒன்பது நாள்கள் பிடித்தன. மருத்துவமனை இயந்திரம் 28,800 அளவுகளை எடுத்து, எண்பதுக்கு எண்பது கட்டங்களில் ஒரு படம் தந்தது. கணக்குக்கு அவர் கையாண்டது ராமச்சந்திரனின் வழி அல்ல. ஊகித்து, ஒப்பிட்டு, திருத்தித் திருத்தி நெருங்கும் வேறொரு வழி. அவருடைய காப்புரிமை விண்ணப்பம் 1968ஆம் ஆண்டையது. ஆக, பெங்களூரிலிருந்து எவரும் எதையும் திருடவில்லை. இவர் இருப்பது அவருக்கும் அவர் இருப்பது இவருக்கும் தெரியாமலே இரண்டு வேலைகளும் ஒரே பருவத்தில் கனிந்தன.

1979ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஹவுன்ஸ்ஃபீல்டோடு பகிர்ந்துகொண்டவர் அலன் கோர்மக். தென்னாபிரிக்கர்; கேப்ரவுணின் குறூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956இல் பகுதிநேரமாகக் கதிர்ப் பாதுகாப்பைக் கவனிக்கப் போன இடத்தில் இந்தச் சிக்கல் அவரைப் பிடித்துக்கொண்டது. 1963இலும் 1964இலும் இரண்டு கட்டுரைகள் எழுதினார். எவரும் பொருட்படுத்தவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் சுவையானது சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததாம். மலையில் படியும் பனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அது உதவுமோ என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். மருத்துவ உலகம் மௌனமாக இருந்தது. ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுகள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அது என் பழைய கட்டுரையில் இல்லவே இல்லை. ஸ்ரன்ஃபோர்ட்டில் வானொலி வானியலில் ஈடுபட்டிருந்த றொனால்ட் பிறேஸ்வெல், றிடில் என்பவருடன் சேர்ந்து 1967இலேயே இதை ஒத்த கணிதத்தை எழுதியிருந்தார். அவர்கள் மீட்க விரும்பியது வானத்தை, மனிதத் தலையை அல்ல. ஆகவே வடிகட்டி முறையில்கூட 'முதல்வர்' என்ற சொல்லைக் கவனமாகவே பயன்படுத்த வேண்டும். ஊடுகதிர்ப் படத்துக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கும் அதைப் பொருத்தி, கணினிக்கு ஏற்ற வடிவில் எண்களாகச் செய்து காட்டியவர்கள் ராமச்சந்திரனும் லக்ஷ்மிநாராயணனும். 1974இல் அமெரிக்காவின் ஷெப், லோகன் ஆகியோர் அந்த வடிகட்டியைச் சற்று மென்மையாக்கினர். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்த இயந்திரங்கள் ஹவுன்ஸ்ஃபீல்டின் ஊகித்துத் திருத்தும் வழியைக் கைவிட்டு இந்த வழிக்கு மாறின. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலக மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட சி.ரி. படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியின் ஏதோ ஒரு வடிவத்தால் ஆனவை. பின்னர் கணினிகள் வலுப்பெற்றதும் ஊகித்துத் திருத்தும் பழைய வழியே புதிய மெருகோடு திரும்பி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே என் தலைப்பு பொய். அவர் சி.ரி. ஸ்கானைக் கண்டுபிடிக்கவில்லை. அதை அன்றாடம் பயன்படுத்தத்தக்க வேகத்துக்குக் கொண்டுவந்த கணிதத்தைத் தந்தவர்களில் ஒருவர். பெருமைக்கு இது போதாதா? போதாது என்று அன்று நான் நினைத்தேன். நோபல் பரிசை மூவர் வரை பகிரலாம், 1979இல் இருவரே பெற்றனர் என்பதை வைத்துக்கொண்டு காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியில் அவரை உட்கார வைத்து அழுதேன். அழுகைக்கு எப்போதும் வாசகர் உண்டு.

அந்த வைத்தியரின் கடிதத்தின் கடைசிப் பந்தி வேறு திசையில் போனது. பரிசு ஒரு பொருட்டல்ல, அந்த ஐந்து பக்கங்களை எத்தனை பேர் இன்று படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைத் தொடர்ந்தபோதுதான் மேற்கோள் கணக்கு என்ற விசித்திர உலகத்துக்குள் போனேன்.

ஒரு கட்டுரையைப் பின்வந்த எத்தனை கட்டுரைகள் சுட்டியிருக்கின்றன என்று எண்ணலாம் என்ற யோசனையை 1955இல் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட். பிலடெல்பியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1964 முதல் விஞ்ஞான மேற்கோள் சுட்டியை ஒழுங்காக வெளியிட்டது. தேடுவதற்கென்று பிறந்த கருவி மெல்ல மெல்லத் தராசாக மாறியது. 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகர் ஒரு மனிதரையே ஒற்றை எண்ணில் அடக்கும் வழி சொன்னார்: ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் பத்து. பதவி உயர்வும் பணமும் இன்று பல நாடுகளில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வருகின்றன. இந்தத் துறையில் கோர்மக் எழுதிய முதல் இரண்டு கட்டுரைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், உலகமே அவற்றை மேற்கோள் காட்டினாலும் அவருடைய எண் இரண்டைத் தாண்டாது. 1970இல் பார்த்திருந்தால் அந்த இரண்டும் வந்திராது.

ராம்-லக்கின் கதை இதற்கு நேர்மாறு. சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் ஒன்றைக் கவனித்தார்: ஒரு கருத்து எல்லோருடைய உடைமையாகவும் ஆகிவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிடுவார்கள். உணவில் கரைந்த உப்பு போல. புத்தளத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த உவமை தானாக வருகிறது. எந்தச் சமையற்காரரும் உப்பு எந்தப் பாத்தியில் விளைந்தது என்று எழுதிவைப்பதில்லை. 'ராம்-லக்' என்று மென்பொருளில் எழுத்துக்கூட்டி வைத்திருக்கிறார்கள். அதனாலேயே பலருக்கு மூலக் கட்டுரை தேவைப்படாமல் போய்விட்டது. அது ஏதோ கணினிச் சொல், அல்லது, என் பேத்தி கருதியது போல, இதிகாசச் சொல்.

மாணவர் லக்ஷ்மிநாராயணனின் பங்கு இன்னும் ஆழத்தில் கரைந்தது. முதற்கட்டுரை ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் போகும் கதிர்களுக்கே பொருந்தும். பின்னர் வந்த இயந்திரங்களில் கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிந்தன. அதற்கான கணக்கை அவர் 1975இல் அமெரிக்காவின் பஃபலோவில் இருந்தபோது எழுதினார்; இதழில் அல்ல, பல்கலைக்கழகத்தின் தட்டச்சு அறிக்கையாக. அத்தகைய அறிக்கைகள் எந்தச் சுட்டியின் கண்ணிலும் எளிதில் படுவதில்லை. இந்திய இதழ்களில் வந்தவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். ஏழை நாடுகளின் விஞ்ஞானம் செல்வந்த நாடுகளின் தராசில் எப்படி நிறை குறைந்து தெரிகிறது என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவந்தவர் சென்னைத் தகவலியலாளர் சுப்பையா அருணாசலம். அவரை வாசித்த பின்னர்தான், என் பழைய கட்டுரையில் கோபம் இருக்க வேண்டிய இடம் பரிசுக் குழு அல்ல, நூலகம் என்று புரிந்தது.

இந்தக் கரைக்கு இது ஒன்றும் புதுக்கதையல்ல. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல், இருபத்தேழு வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குளங்களையும் அகரவரிசைப்படுத்தி 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலைக் கோட்டை மிஷன் அச்சகத்தில் வெளியிட்டார். சட்டநிரூபண சபையில் தமிழ் உறுப்பினராக இருந்தார். சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான 'தமிழ் புளூட்டாக்' தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தது. தமிழ்ப் புலவர் வரலாறு என்ற துறைக்கே அது முன்னோடி. மறு ஆண்டு அவர் இறந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் எழுதிய 'பாவலர் சரித்திர தீபகம்' அந்த நூலின் தோளில் ஏறி நின்றது. அதன் தோளில் வேறு பலர். இன்று தமிழ் இலக்கிய வரலாறு எழுதுபவர் ஒரு புலவரின் ஊரைச் சொல்லும்போது, அச்செய்தி கற்பிட்டிக்காரர் ஒருவர் கோட்டையின் நிழலில் ஓலைகளைப் புரட்டி எடுத்ததாக இருக்கலாம் என்று அவருக்கே தெரியாது. 'தமிழ் புளூட்டாக்'கின் இரண்டாம் பதிப்பு வர 1946 ஆகவேண்டியிருந்தது, எண்பத்தேழு ஆண்டுகள். காசிச்செட்டியின் பிழைகளும் அப்படியே பலருடைய நூல்களில் வாழ்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் காலக்கணிப்புகள் பல இன்று நிற்கமாட்டா. மூலத்தைச் சுட்டாமல் எடுத்தவர்களால் பிழையின் மூலத்தையும் சுட்ட முடியவில்லை.

என் பிழையும் அவ்வாறே வாழ்கிறது. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் இணையத்தில் தேடிப் பார்த்தேன். 'சி.ரி. ஸ்கானைக் கண்டுபிடித்த தமிழர்' என்ற என் தலைப்பு, என் சொற்கள், என் அழுகை, என் பெயர் இல்லாமல் நான்கு இடங்களில் இருந்தன. ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்ட் பெங்களூருக்கு வந்து குறிப்பேட்டைப் பார்த்துப் போனதாகவும் சேர்த்திருந்தார்கள். அது நான் எழுதாதது. ஆனால் அதற்கு வரம்பு கட்டியவன் நான்.

அந்த வைத்தியர் இப்போது உயிரோடு இல்லை. அவர் கடிதம் என்னிடம் இருக்கிறது. அவருடைய குடும்பத்தாரின் அனுமதி கிடைத்தால் அதை முழுமையாக இங்கே வெளியிடுவேன். கிடைக்காவிட்டால், அவர் சொன்னவற்றின் சாரம் மேலே இருக்கிறது. சரியானவை அவருடையவை, தவறு இருந்தால் என்னுடையவை.

பேத்திக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்க நடுநிசி ஆகிவிட்டது. கோயில் பக்கமிருந்து உடுக்கை ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அமெரிக்கக் கழகத்தின் இணையத்தளத்தில் அந்த 1971ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி எடுத்தாள். இலவசமாகவே கிடைத்தது. ஐந்து பக்கங்களையும் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு சமன்பாட்டைத் தாளில் போட்டுப் பார்த்தாள். பிறகு தன் செய்முறை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மென்பொருளின் கைநூலை மட்டும் சுட்டியிருந்த இடத்தில், இரண்டு பெயர்களையும் தொகுதி எண்ணையும் பக்க எண்களையும் சேர்த்தாள்.

"இதையும் கணக்கில் சேர்ப்பார்களா தாத்தா?" என்று கேட்டாள்.

மாணவரின் செய்முறை அறிக்கையை எந்தச் சுட்டியும் எண்ணுவதில்லை என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினாள். உள்ளறையிலிருந்து அக்கா, விளக்கை அணைத்துவிட்டுப் படு தம்பி, விடிந்தால் தீமிதிப்பு என்றார்.